எடை மெஷின் மேல் நிற்க வைத்துக் கேட்ட கேள்வி

போன மாதம் ஒரு நர்ஸிடம் பொய் சொன்னேன். முப்பத்து மூன்று வருஷம் நானே நர்ஸாக இருந்தவள். எத்தனையோ நோயாளிகளின் பொய்யைக் கண்டுபிடித்து முகத்துக்கு நேராகத் திட்டியவள். என் முறை வந்தபோது கொஞ்சமும் கூசாமல் சொன்னேன்.

முழங்கால் வலிக்காகப் புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். துணைக்கு மருமகள் டெய்சி. பிள்ளைகளின் பள்ளிக்கூட லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒரு வாரமாக ஆவூரில் என்னோடு இருந்தாள். எங்கள் காலத்தில் கேஸ் ஷீட்டில் பேனாவால் எழுதியதை இப்போது கையடக்கக் கம்ப்யூட்டரில் விரலால் தட்டுகிறார்கள். தட்டிக்கொண்டிருந்த நர்ஸுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டுக்கொண்டு போனாள்.

"சுகர் இருக்காம்மா? பிரஷர்? வீசிங்? வயித்துப்புண்ணு ஏதும் உண்டா? வலி மாத்திரை தொடர்ந்து சாப்பிடுறீங்களா?"

எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். முதல் மூன்று உண்மை. கடைசி இரண்டும் பொய். ஐந்து மாதமாக தினமும் இரண்டு வலி மாத்திரை மெடிக்கலில் நானே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். வயிறு எரியத் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. இரண்டு தடவை மலம் தார் போலக் கறுத்துப் போயிற்று. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது. ஆனால் டெய்சி காதில் விழுந்தால் சாயங்காலம் மகனுக்குப் போன் போகும். அடுத்த வாரம் ஆவூர் வீட்டைப் பூட்டிவிட்டு என்னை அவர்களுடைய நாலாவது மாடிக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். எனக்கு அது வேண்டாம். அதனால்தான் இல்லை என்றேன்.

அந்த 'இல்லை' வாயிலிருந்து விழுந்ததும் இன்னொரு 'இல்லை' நினைவுக்கு வந்தது. பல வருஷங்களுக்கு முன் ஒரு கேஸ் ஷீட்டில் என் கையால் நான் எழுதியது அது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திருச்சியில் மூன்றரை வருஷம். படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கவும், சீனியர் வந்தால் எழுந்து நிற்கவும், தூக்கத்திலும் பல்ஸ் எண்ணவும் கற்றுக்கொண்டேன். புரோஸ்டாகிளாண்டின் என்ற வார்த்தையைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த அன்றே மறந்தேன். பிறகு நாலைந்து ஊர் மாறி, கடைசியில் கடற்கரைப் பக்கம் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்கு வந்து சேர்ந்தேன். கட்டுமாவடிப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் அங்கேதான் பிரசவத்துக்கு வருவார்கள்.

அங்கே டாக்டர் திலகவதி. குள்ளமான உருவம். பெருக்க வருகிற அம்மாவிலிருந்து கலெக்டர் ஆபீஸ் ஆள்வரை எல்லாரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். குரலை உயர்த்திப் பார்த்ததே இல்லை. கோபம் வந்தால் பேனாவை மூடி வைப்பார், அவ்வளவுதான். அந்த மூடி 'டிக்' என்று விழும் சத்தத்துக்கு வார்டே நடுங்கும். தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாக மருந்து ஃப்ரிட்ஜைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்ப்பார். ஒரு நாள் உள்ளேயிருந்து ஒரு மோர் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்து, "இது யாருக்கு எழுதின மருந்துங்க?" என்று கேட்டார். என் மோர். அன்றைக்கு நான் மோர் இல்லாமல்தான் சாப்பிட்டேன்.

அந்த ஃப்ரிட்ஜுக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கக் காரணம், அதிலிருந்த ஓர் ஊசி மருந்து. பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பை சுருங்காமல் தொளதொளவென்று கிடந்தால் ரத்தம் நிற்காது. முதலில் வழக்கமான ஊசி, டிரிப். அதற்கும் கேட்காவிட்டால் ஃப்ரிட்ஜ் மருந்து. அது புரோஸ்டாகிளாண்டின் வகை. நான் மறந்துபோன அந்த வார்த்தையை டாக்டர்தான் மறுபடி படிக்க வைத்தார். உடம்பு தன் செல்களின் சுவரிலிருக்கும் கொழுப்பிலிருந்து கொஞ்சம் வெட்டி எடுத்து, தேவைப்பட்ட இடத்திலேயே செய்து, அங்கேயே செலவழித்துவிடுகிற பொருள் அது. சேர்த்து வைக்கிற வழக்கமே கிடையாது. பிரசவ வலியும் அதன் வேலை, காய்ச்சலும் அதன் வேலை, மூட்டு வீங்குவதும் அதன் வேலை, வயிற்றின் உள்தோலை அமிலம் அரிக்காமல் காப்பதும் அதன் வேலை.

"ஒரே சாமான் இத்தனை வேலை எப்படிங்க மேடம் செய்யும்?" என்று கேட்டேன்.

"நீங்க எந்த பஸ்ல வாறீங்க?" என்று திருப்பிக் கேட்டார்.

"அறந்தாங்கி பஸ்ல."

"கண்டக்டர் விசில் அடிக்கிறாரு. டிரைவர் பிரேக்கப் போடுறாரு. எறங்குறவங்க எந்திரிக்கிறாங்க. கீழ வெள்ளரிக்கா விக்கிறவங்க ஓடி வாறாங்க. விசில் ஒண்ணுதானுங்களே? கேக்குற காது யாரோடதுங்கறதுதான் விஷயம். செல்லுக்கும் காது இருக்கு. ரிசப்டர்னு புஸ்தகத்துல போட்டிருப்பாங்க. கர்ப்பப்பையில இருக்குற காது கேட்டா அது சுருங்கும். நமக்கு நல்லது. மூச்சுக்குழாயிலயும் அதே காது இருக்கு. அதுவும் சுருங்கும். சாதாரண ஆளுக்கு அது தெரியாது. இளைப்பு இருக்கவங்களுக்குத் தெரியும்."

பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே மேலும் சொன்னார். "உடம்பு தானே செய்யுற சரக்கு நிமிஷத்துல அழிஞ்சுரும். நம்ம ஊசியில இருக்குறது சீக்கிரம் அழியாத மாதிரி மாத்திச் செஞ்சது. அடிச்ச விசில நிறுத்த முடியாது. அதனால அடிக்கிறதுக்கு முன்னாடி கேட்டுக்கங்க."

அதற்காக ஒரு முறையே வைத்திருந்தார். ஃப்ரிட்ஜ் மருந்தை எடுக்கிற நர்ஸ் கேஸ் ஷீட்டைப் பார்த்து, "ஆஸ்துமா இல்லை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டாக்டர் "சரி" என்ற பிறகுதான் ஆம்ப்யூல் என்கிற அந்தக் கண்ணாடிக் குப்பியின் கழுத்தை உடைக்கலாம். எத்தனை அவசரமானாலும் இந்த இரண்டு வார்த்தை பாக்கி இருக்கக் கூடாது. நாங்கள் அதைக் கோயில் பூசை மாதிரி ஒழுங்காகச் செய்தோம். ஷீட்டில் எழுதியிருப்பது உண்மையா என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

சுகன்யாவுக்கு இருபத்து மூன்று வயது. தலைப்பிரசவம். வீட்டுக்காரர் வளைகுடாவில். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் மாமியார் சிவகாமி, நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண். காலை ஒன்பது மணி. நான் ஷீட்டை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டேன்.

"வீசிங், இளைப்பு ஏதும் உண்டாம்மா?"

பெண் தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்திக்கொண்டார். "அதெல்லாம் எங்க புள்ளைக்கு ஒண்ணும் கெடையாதுங்க. கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

கர்ப்பகால அட்டையைப் புரட்டினேன். அதிலும் இல்லை என்றுதான் இருந்தது. அட்டை எழுதிய இடத்துக்கும் இதே இரண்டு பேரும் கூடப் போயிருப்பார்கள். நானும் எழுதினேன்: இல்லை.

அந்தப் பெண் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு இளைப்பு என்றால் சம்பந்தம் பேசும்போது சொல்ல மாட்டார்கள். கட்டிக்கொடுத்த பிறகு எப்படிச் சொல்வது? மறைத்துக் கட்டிவிட்டார்கள் என்று ஆகிவிடும். அதனால் கடைசிவரை சொல்ல மாட்டார்கள். எங்கள் சொந்தத்திலேயே இரண்டு பெண்களுக்கு இப்படித்தான். எல்லாம் தெரிந்தவள்தான் நான். வெளியே ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மதியம் ஒரு மணிவாக்கில் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுதது. நஞ்சுக்கொடியும் முழுசாக விழுந்தது. வழக்கமான ஊசி போட்டாயிற்று. குழந்தையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் கீழே வாளியில் ரத்தம் விழுகிற சத்தம் கேட்டது. வயிற்றில் கை வைத்தேன். கர்ப்பப்பை பிசைந்த மாவு போல இருந்தது. டாக்டர் ஒரே எட்டில் வந்துவிட்டார். அமுக்கித் தேய்த்தோம், டிரிப்பில் மருந்து கலந்து ஓடவிட்டோம். அடுத்து போட வேண்டிய ஊசி பிரஷர் இருப்பவர்களுக்கு ஆகாது. சுகன்யாவுக்குப் பிரஷர் ஏறியிருந்தது.

"ஃப்ரிட்ஜ் மருந்து எடுங்க" என்றார் டாக்டர்.

எடுத்தேன். ஷீட்டைப் பார்த்து, "ஆஸ்துமா இல்லை" என்றேன்.

"சரி."

உடைத்தேன். தொடையில் போட்டேன்.

மருந்து தன் வேலையைச் செய்தது. நாலைந்து நிமிஷத்தில் கர்ப்பப்பை தேங்காய் போல இறுகியது. ரத்தம் குறைந்தது. அப்பாடா என்று நான் வியர்வையைத் துடைத்தபோது சுகன்யா இருமினாள். மறுபடி இருமினாள். மூச்சை இழுக்க இழுக்க உள்ளே கீச்சென்று சத்தம். கழுத்துக் குழி உள்வாங்கியது. உதடு வெளுத்திருந்தது, இப்போது நீலம் பாரித்தது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த மறுகணம் நிமிர்ந்தார்.

"சிஸ்டர், இந்தப் பொண்ணுக்கு இளைப்பு இருக்குங்க."

"ஷீட்ல இல்லைன்னு இருக்கு மேடம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய வார்த்தைகளிலேயே கேடுகெட்ட வார்த்தை அது.

அவர் கதவைக் காட்டினார். "வெளிய கேட்டுட்டு வாங்க. நெபுலைசரையும் எடுங்க" என்றார்.

கதவைத் திறந்து கேட்டேன். ரத்தக் கையுறையோடு நின்று கேட்கிறேன், அப்போதும் சுகன்யாவின் அம்மா, "இல்லீங்க, சத்தியமா கெடையாதுங்க" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, சம்பந்தியம்மாவைப் பார்த்தார். அந்தச் சிவகாமி அம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்து, இடுப்பில் இடுக்கியிருந்த மஞ்சள் பைக்குள் கைவிட்டு ஒரு நீலப் பம்பை எடுத்து நீட்டினார். இளைப்புக்காரர்கள் வாயில் வைத்து இழுக்கிற பம்பு.

"இந்தாங்க. அதுக்கு இளைப்பு உண்டு. இதைத்தான் இழுக்கும்."

சுகன்யாவின் அம்மா சுவரோடு ஒட்டிப்போனார். "ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"கல்யாணமாயி மூணாம் மாசமே தெரியும். துணி காயப்போடுற மாதிரி மாடிக்குப் போயி இழுத்துட்டு வரும். தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா புள்ள கூசிப்போயிருமேன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். வலி வந்த அவசரத்துல இன்னிக்கு எடுக்க மறந்துருச்சு. தலகாணி ஒறையில இருந்துச்சு, நான்தான் எடுத்து வச்சேன்."

"காலையில நான் கேட்டப்ப ஏம்மா சொல்லல?" என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

"பெத்தவங்க இல்லேங்குறப்ப நான் எப்புடிங்க இருக்குன்னு சொல்றது? அவங்க பொய் சொன்னதா ஆயிரும்ல."

நின்று கேட்க நேரமில்லை. பம்பை வாங்கிக்கொண்டு ஓடினேன்.

உள்ளே அடுத்த சிக்கல் காத்திருந்தது. மூச்சுக்குழாயைத் தளர்த்துகிற மருந்தை நெபுலைசரில் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த மருந்துக்கு கர்ப்பப்பையையும் கொஞ்சம் தளர்த்துகிற குணம் உண்டு. இறுகினால்தான் ரத்தம் நிற்கும், தளர்ந்தால்தான் மூச்சு வரும். டாக்டர் ஒரு நொடிகூட யோசித்ததாகத் தெரியவில்லை.

"மூச்சுக்குக் குடுங்க. கர்ப்பப்பைய நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி, ஒரு கையை முஷ்டியாக உள்ளே கொடுத்து, இன்னொரு கையை வயிற்றின் மேல் வைத்து, கர்ப்பப்பையை நடுவில் பிடித்து அமுக்கிக்கொண்டார். "கர்ப்பப்பை சுருங்க அடியில வைக்கிற மாத்திரையையும் வைங்க. அதுவும் ஃப்ரிட்ஜ் மருந்தோட குடும்பந்தான். ஆனா மூச்சுக்குழாய இவ்வளவு இறுக்காது."

ஆக்சிஜன் வைத்தேன். நெபுலைசர், ஸ்டீராய்டு ஊசி, மாத்திரை. நூற்றெட்டு வண்டி வந்தது. டாக்டர் கையை எடுக்கவில்லை. ஸ்ட்ரெச்சரோடு சேர்ந்து பக்கவாட்டில் நடந்தார், வண்டிக்குள் முட்டி போட்டார். நான் மாஸ்கைப் பிடித்துக்கொண்டேன். பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்குப் பக்கமாக ஆயிற்று. வழியெல்லாம் அவர் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்று: "மூச்சு?" நான் சொன்னது ஒன்றே ஒன்று: "வருதுங்க மேடம்." பாதி தூரம் தாண்டிய பிறகு கீச்சுச் சத்தம் மெல்லக் குறைந்தது. இத்தனை வருஷத்தில் எனக்கு அவ்வளவு பயம் வேறு எப்போதும் வந்ததில்லை. அந்தப் பெண் செத்துப்போனால் நான் கொன்றதாகத்தான் அர்த்தம் என்று உட்கார்ந்திருந்தேன்.

சுகன்யா பிழைத்தாள். நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள்.

அவளை ஒப்படைத்த அன்று, டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியிலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். வலது கையை மடக்க முடியவில்லை, இடது கையால் அதைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"காலையில இளைப்பு இருக்கான்னு கேட்டப்ப பக்கத்துல யாருங்க இருந்தாங்க?"

"அம்மா, மாமியார் ரெண்டு பேரும்."

"அப்ப நீங்க அந்தப் பொண்ணுகிட்ட கேக்கலைங்க. குடும்பத்துக்கிட்ட கேட்டிருக்கீங்க."

பேனாவை மூடவில்லை. கையில் பேனாவே இல்லை. அங்கேயே, போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதேன். அவர் தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை. அழுது முடித்ததும், "இன்னமே எங்க வச்சுக் கேக்கலாம்னு யோசிச்சு வைங்க" என்றார்.

யோசித்தேன். தனியாக வா என்று மருமகளை மட்டும் கூப்பிட்டால் மாமியாருக்குச் சந்தேகம் வரும். எதற்கு, ஏன் என்று பத்துக் கேள்வி வரும். பெண் தனியாக வந்தாலும் யாரும் ஏன் என்று கேட்காத இடம் எது? எடை மெஷின். அதில் ஒரு ஆள்தான் ஏற முடியும். மறுநாள் வராந்தாவிலிருந்த எடை மெஷினைத் தள்ளிக்கொண்டுபோய், ஊசி போடுகிற அறையின் மூலையில் திரைச்சீலைக்குப் பின்னால் வைத்தேன். இன்னொரு ஆள் நிற்க இடமில்லாத மூலை. வெளியே எல்லார் முன்னாலும் ஒரு தடவை கேட்டு எழுதிக்கொள்வது. பிறகு, "வெயிட் பாக்கணும், செருப்பக் கழட்டிட்டு நீங்க மட்டும் வாங்க." முள் ஆடி நிற்பதற்குள் அதே கேள்வியை மெல்லமாக இன்னொரு தடவை கேட்பது.

முதல் வாரத்திலேயே ஒருத்திக்கு இளைப்பு. ஒருத்திக்கு வலிப்பு. ஒருத்திக்கு ஏற்கெனவே ஒரு கரு கலைந்திருந்தது, அது புருஷனுக்கே தெரியாது. மூன்று பேரும் ஐந்து நிமிஷத்துக்கு முன் வெளியே இல்லை என்று சொன்னவர்கள். டாக்டர் ஷீட்டின் ஓரத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டு, 'தனியாகக் கேட்டது' என்று தன் கையால் எழுதினார். அதன் பிறகு ஃப்ரிட்ஜ் மருந்துக்கு நாங்கள் வாய்விட்டுப் படித்தது அந்தக் கட்டத்தைத்தான்.

பிறகு எந்த ஊருக்கு மாற்றலானாலும் நான் செய்த முதல் வேலை எடை மெஷினைத் தள்ளியது. லூர்து சிஸ்டருக்கு வாஸ்து பைத்தியம் என்று என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். ரிட்டயர் ஆன அன்று சால்வை போர்த்தியவர்களும் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

போன மாதத்துக்கு வருகிறேன். சின்ன நர்ஸ் தட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, வெயிட் பாக்கணும். செருப்பக் கழட்டிட்டு நீங்க மட்டும் உள்ள வாங்க. அக்கா, நீங்க இங்கனயே இருங்க."

எழுந்து போனேன். ஒரு மூலை. திரைச்சீலை. அதற்குப் பின்னால் மெஷின். இப்போது முள் இல்லை, சிவப்பு நம்பர் ஓடுகிறது.

"இத ஏம்மா இங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"தெரியலைங்கம்மா. நான் வந்ததுலேருந்து இங்கிட்டுத்தான் இருக்கு. இதுல நிக்க வச்சு இன்னொரு தடவை கேக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க."

அது என்னிடமிருந்து யார் யார் வழியாகவோ போய்ச் சேர்ந்ததா, இல்லை வேறு எவளோ தன் தப்பிலிருந்து தானாகக் கண்டுபிடித்ததா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. ஏறி நின்றேன். நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"வயித்துப்புண்ணு, வலி மாத்திரை... ஏதும் உண்டாம்மா?"

முழங்காலில் வீக்கத்தைத் தூண்டுகிற அந்தப் புரோஸ்டாகிளாண்டின் சரக்குத்தான் வயிற்றின் உள்தோலையும் காக்கிறது. வலி மாத்திரை முழங்காலில் மட்டும் அதை நிறுத்தாது, வயிற்றிலும் சேர்த்தே நிறுத்திவிடும். இதை நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நாலாவது மாடி கண்முன் வந்தது. சுகன்யாவின் நீல உதடும் வந்தது.

"தினமும் ரெண்டு மாத்திரை. அஞ்சு மாசமா. ரெண்டு தடவை கறுப்பாப் போச்சு" என்றேன்.

அவள் முகம் மாறவில்லை. நல்ல நர்ஸ். தட்டிக்கொண்டே, "இன்னிக்கே எண்டாஸ்கோப்பி பாத்துருவாங்கம்மா. வெளிய இருக்க அக்காகிட்ட நாங்க சொல்லணுமா, நீங்களே சொல்லிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

"நானே சொல்லிக்கிறேன்."

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தை தேடிக்கொண்டு நடந்தேன். டெய்சி நாற்காலியிலிருந்து எழுந்தாள். அவள் கைப்பை திறந்திருந்தது. கையில் மூன்று காலி மாத்திரை அட்டைகள். என் வீட்டுக் குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கித் துடைத்து எடுத்து வந்திருக்கிறாள்.

"சொல்லிட்டீங்களா அத்தை?" என்று கேட்டாள்.